அத்தியாயம் 4: இல்லத்துப் படிவத்தில் கையொப்பம் விழும் முன்

ஒரு தாய் பிரதேச செயலகப் படியேறி வந்து, "பிள்ளைய ஏதாவதொரு இல்லத்தில சேர்த்துத் தாங்க" என்று கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வியை அவர் அன்று காலையில் யோசித்துக்கொண்டு வரவில்லை. மாதக்கணக்காக அதை மனதில் போட்டு உருட்டியிருப்பார். "பெத்த பிள்ளைய விட உங்களுக்கு மனம் வருதா?" என்று அவரிடம் கேட்கும் உத்தியோகத்தர் அந்த நிமிடத்திலேயே அவரை இழந்துவிடுகிறார். மறுபேச்சில்லாமல் படிவத்தை எடுத்து நீட்டுபவரும் அப்படித்தான். அந்தத் தாயின் கேள்விக்கும் படிவத்தில் விழும் கையொப்பத்துக்கும் இடையில் கிடைக்கும் சில கிழமைகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்த அத்தியாயம். கிராம உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், குடும்பநல மாது, மாதர் சங்கத் தலைவி, கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகி என யாருடைய காதில் அந்தக் கேள்வி முதலில் விழுந்தாலும் இது அவருக்கானது.

சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். நிலைமை வேறு. இலங்கையில் தனியார் நடத்திய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் 92 வீதத்தினருக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள் என்றும், 40 வீதத்துக்கும் மேற்பட்டோர் வறுமையினாலேயே சேர்க்கப்பட்டார்கள் என்றும் சேவ் த சில்ரன் நிறுவனம் 2009இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை 2019இல் வந்தது. ஆகவே படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வீட்டைப் பார்க்கும் உத்தியோகத்தர் விதியை மீறுவதில்லை. விதி அவரிடம் கேட்பதே அதைத்தான்.

நம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இல்லங்கள் பெருகியதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1978 நவம்பர் சூறாவளி, நீண்ட போர், 2004 டிசம்பர் 26 சுனாமி என்று ஒவ்வொன்றுக்குப் பின்னும் நல்ல மனமுள்ளவர்கள் கூரை போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளையை விடுதியில் விட்டுப் படிப்பிப்பது இங்கே மதிப்புக்குரிய வழக்கமும்கூட. 1929இல் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து வாவியின் இரு கரைப் பிள்ளைகளும் விடுதியிலிருந்து படித்து உயர்ந்திருக்கிறார்கள். அந்த இல்லங்களை நடத்துபவர்களை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அதே வேளை சுனாமிக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்: தாய் தகப்பன் இருவரையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பொறுப்பேற்றவர்கள் உறவினர்களே. எல்லாம் கடலோடு போன அந்த நாட்களிலேயே சொந்தங்களால் அது இயன்றது. தாய் உயிரோடு இருக்கையில் வறுமைக்காகப் பிரிப்பதற்கு முன் நாம் எவ்வளவு தேடிப் பார்த்தோம் என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாறிய குழந்தைகளின் அறிவு வளர்ச்சி, இல்லத்திலேயே தங்கியவர்களைவிட மேலாக இருந்தது. அதிலும் இரண்டு வயதுக்கு முன்னே மாறியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். கைக்குழந்தைக்கு நேரத்துக்குப் பால் கொடுக்கும் கை மட்டும் போதாது. நேற்று வந்த அதே கை இன்றும் வர வேண்டும்.

என்ன கேட்பது, எங்கே கேட்பது

அலுவலகத்தில் கேட்காதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த தாய், உங்களுக்குப் பிடிக்கும் என்று தான் நினைப்பதைத்தான் சொல்வார். வீட்டுக்குப் போங்கள், பின்னேரம் போங்கள், திண்ணையில் இருங்கள். கதை ஏறக்குறைய இப்படிப் போகும்:

"தங்கச்சி, மூண்டு பேர்ல நடுவில உள்ளவர மட்டும் ஏன் விடப் பாக்கிறீங்க?"

"அவன்தான் மிஸ் இந்த வருசம் ஆறாம் ஆண்டு. பெரிய பள்ளிக்கூடம் தூரம். காலமைக்கு பஸ் வரும், பின்னேரம் இல்ல. நடந்து வந்தா வழியில யானை."

"பின்னேரமும் பஸ் இருந்தா?"

"பஸ் இருந்தா நான் ஏன் மிஸ் அவன விடப்போறன்?"

இதே தாய் அலுவலகத்தில் படிவம் நிரப்பியிருந்தால் 'காரணம்' என்ற கூட்டுக்குள் 'வறுமை' என்று எழுதப்பட்டிருக்கும். அதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. பின்னேர பஸ் இல்லை என்று எழுதினால் செய்யலாம். ஆகவே உங்கள் முதல் வேலை, வறுமை என்று எழுதாமல் காரணத்தை எழுதுவது. பிள்ளைகளில் ஏன் இந்தப் பிள்ளை, ஆண்டில் ஏன் இந்த மாதம், விட வேண்டும் என்று முதலில் சொன்னது யார், எது மாறினால் விட மாட்டீர்கள்? இந்த நாலு கேள்வியும் போதும். நாலாவது கேள்விக்குத் தாய் சொல்லும் பதிலே உங்கள் வேலைத்திட்டம். பிள்ளையையும் தனியே கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

தூரம்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இது பெரிய காரணம். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, கிரான் பகுதிகளின் உட்கிராமங்களில் ஆரம்பப் பாடசாலை பக்கத்தில் இருக்கும். உயர் வகுப்புக்குத் தூரம் போக வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் பலர் கடலோரக் கரையான எழுவான்கரைக்கே வந்தாக வேண்டும். 2014இல் ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறந்தபின் ஒரு பகுதிக்கு விடிவு வந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலே போல, ஓடத்தை நம்பி வாவியைக் கடந்த பிள்ளைகளின் கதை வேறு.

அதிபரின் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் சேர்ந்தால் டிப்போவிடம் பாடசாலை நேரத்துக்கான 'சிசு செரிய' பஸ் கேட்கலாம். ஒரு குடும்பமாகக் கேட்பதைவிட ஒரு கிராமத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு போவது வலிமை. பஸ் வரும் வரைக்கும் ஒரு சைக்கிள் எத்தனையோ விண்ணப்பங்களை நிறுத்திவிடும். யானை வரும் பாதையென்றால் பெரியவர் ஒருவரோடு கூட்டமாகப் போய்வர ஊரில் முறை வையுங்கள். இதில் எதுவும் சரிவராவிட்டால் பாடசாலைக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். கிழமை நாட்களில் அங்கே, சனி ஞாயிறு தாயோடு. அதற்கும் வழியில்லை என்றால் பாடசாலையோடு சேர்ந்த விடுதி. அதையும் சிறுவர் இல்லத்தையும் ஒன்றாக்காதீர்கள். பாடசாலை விடுதிப் பிள்ளை லீவு விட்டதும் வீட்டுக்கு வரும், அதன் பொறுப்பு தாயிடமே இருக்கும்.

மாரியும் கடனும்

இரண்டு தலைப்புகள் என்றாலும் ஒரு குடும்பத்தில் இவை ஒன்றாகத்தான் வரும். பெரும்போக விதைப்பு முடிந்தபின் அறுவடை வரும் வரை வயல் கூலிக்கு வேலை குறைவு. அதே மாதங்களில்தான் வடகீழ்ப் பருவமழை. வாவியில் தோணி இறக்க முடியாது, வெள்ளம் வந்தால் வீட்டையும் விட வேண்டும். மாசி பங்குனியில் அறுவடைக் காசு வரும் வரையான அந்த இடைவெளியில் வாங்கும் கடனே பிறகு ஆண்டு முழுவதும் துரத்தும். உதவி எவ்வளவு என்பதைப் போலவே எந்த மாதத்தில் என்பதும் முக்கியம். சித்திரையில் கொடுக்கும் பொதியைவிட மார்கழியில் கொடுக்கும் பாதிப் பொதி பெறுமதியானது. அறுவடை நேரத்திலேயே கோயிலும் பள்ளிவாசலும் மாதர் சங்கமும் நெல்லாகவோ ஸகாத்தாகவோ ஒரு பங்கைச் சேர்த்து, மாரிக்கென்று ஒதுக்கி வைக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதில்லை.

நுண்கடன் இந்த மாவட்டத்துப் பெண்களை எந்த அளவுக்கு நெருக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, தவணை தவறிய பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யும் அறிவிப்பு வந்தது. மட்டக்களப்பும் அதற்குள் அடங்கியது. அதோடு கடன் நின்றுவிடவில்லை. கிழமைக்கொரு நாள் வீட்டுக்கு வந்து காசு கேட்பவர், அன்று தாய் ஒளிந்துகொள்வது, பிள்ளை வாசலில் நின்று "அம்மா இல்ல" என்று சொல்வது, குழுப் பிணை நின்ற அயல் பெண்களோடு மனக்கசப்பு என்று அது தொடர்கிறது. அம்மம்மா வீட்டுக்கும் அயலுக்கும் போக முடியாதபடி ஒரு தாயைத் தனிமைப்படுத்துவது பல வேளைகளில் இந்தக் கடன்தான்.

கடனுள்ள வீட்டில் கொப்பி ஒன்றை எடுத்து, தாயோடு சேர்ந்து எல்லாவற்றையும் எழுதுங்கள்: எந்தக் கம்பனி, முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, எந்தக் கிழமை நாள், அடகில் என்ன கிடக்கிறது, சீட்டு பாக்கி என்ன. பல தாய்மார் முழுத் தொகையையும் ஒரே தாளில் பார்த்ததே இல்லை. பிறகு அவரோடு கூடப் போய்த் தவணையை நீட்டிக் கேளுங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் பேசுவதும் உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது பேசுவதும் ஒன்றாக இருக்காது. புதிய கடனால் பழைய கடனை அடைக்கும் வழியைக் காட்டாதீர்கள். சேமிப்புப் பழக்கத்துக்குச் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊர்களில் அதில் சேர்த்துவிடுங்கள்.

உரித்தான காசு வருகிறதா?

புதிய உதவி தேடும் முன் ஏற்கெனவே உரித்தானது கைக்கு வருகிறதா என்று பாருங்கள். சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலை முதல் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம், மிகவும் வறிய குடும்பத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து மாதம் 17,500 ரூபாய் வரையும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாய் வரையும் கொடுக்கிறது. 17,500ஐ முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 583 ரூபாய். ஐந்து பேருள்ள வீட்டில் தலைக்கு 117 ரூபாயும் வராது. இது போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதுகூட வராத வீடுகளிலிருந்துதான் இல்லத்துக்கான விண்ணப்பங்கள் முதலில் வருகின்றன. தாய் வெளிநாட்டிலும் பிள்ளைகள் அம்மம்மாவோடும் இருக்கையில் பிள்ளைகளின் பெயர் எந்த வீட்டுப் பதிவில் கிடக்கிறது? அம்மம்மா வீட்டுப் பதிவில் இல்லையென்றால் திருத்தமும் மேன்முறையீடும் எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை.

விட்டுப்போன தகப்பனிடம் தாபரிப்புக் கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. திருமணப் பதிவு இல்லாத தாயின் பிள்ளைக்கும் அது உண்டு. முஸ்லிம் குடும்பம் என்றால் காதி நீதிமன்றம். காசில்லாதவர்களுக்காக வழக்குப் பேசச் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பில் இருக்கிறது. தெரிந்தெடுத்த பிள்ளைகளுக்கு மாத உதவி கொடுக்கும் 'செவன சரண' திட்டத்தைப் பற்றி நன்னடத்தை அலுவலகத்தில் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் திரிபோஷா சத்துமா ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று குடும்பநல மாதுவிடம் விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையென்றால் வேறெதற்கும் முன் அதை எடுங்கள். தகப்பன் கசிப்புக் குடிப்பவர் என்றால் எந்தக் காசும் தாயின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

அம்மம்மா வீடு

வெளியிலிருந்து வரும் திட்டங்கள் கண்டுகொள்ளாத ஒரு பலம் இந்தக் கரைக்கு உண்டு. தமிழரானாலும் முஸ்லிமானாலும் இங்கே கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் வருகிறார். சீதன வீடு பெண்ணுடையது. அக்காவுக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு, தாயும் தகப்பனும் பின்வளவில் என்று ஒரே வேலிக்குள் வாழ்க்கை. குடி என்னும் குலமும் தாய் வழியே வரும். முக்குவர் சட்டம் என்ற பழைய வழக்காறும் அந்தத் தாய்வழியையே தாங்கி நின்றது. ஆகவே இங்கே ஒரு பிள்ளைக்குத் தகப்பன் போனாலும் வீடு போவதில்லை. தாய் நோயில் விழுந்தாலும் பெரியம்மாவின் அடுப்பு பத்தடி தூரத்தில் எரியும். சட்டம் 'தகுந்த ஆள்' என்று தேடும் ஒருவர் அநேகமாக அந்த வேலிக்குள்ளேயே இருப்பார்.

அந்த வேலி எங்கே அறுந்தது என்று பார்ப்பதுதான் குடும்பத்தைப் பலப்படுத்தும் வேலையின் நடு இடம். போரில் இடம்பெயர்ந்து வேறு ஊரில் குடியேறியதால் அறுந்திருக்கலாம். சுனாமி வீட்டுத்திட்டத்தில் அக்காவுக்கு ஓரிடமும் தங்கச்சிக்கு வேறிடமுமாக வீடு கிடைத்ததால் அறுந்திருக்கலாம். அப்படிக் கட்டிய வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டன. அவர் வேறு பெண்ணோடு போகும்போது பிள்ளையின் கூரையும் ஆட்டம் காணும். காணிப் பேமிட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு குடும்பத்தின் கோவையை மூடாதீர்கள்.

தாய்வழி, தகப்பன்வழிச் சொந்தங்களை எல்லாம் எழுதி, பிள்ளை மீது பாசமுள்ளவர்களைக் குறித்து, அவர்களை ஒரு பின்னேரம் ஒன்றாக இருத்திக் கதையுங்கள். பிள்ளை இல்லத்துக்குப் போகப் போகிறது என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. தாய் வெட்கத்தில் மறைத்திருப்பார். சாச்சி "என்னோட இருக்கட்டும்" என்பார். உடனே மகிழ்ந்து எழும்பி வந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், சாப்பாட்டுக்கு யார் காசு, படுக்கை எங்கே, பொம்பிளைப் பிள்ளையென்றால் இரவில் யார் துணை என்று பேசி முடியுங்கள். அறுபத்தைந்து வயது அம்மம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் கேளுங்கள். பதிவுபெற்ற இல்லத்துக்குப் பிள்ளைத் தலைக்கு மாகாண நிதியும், மேலாக நன்கொடையும் போகின்றன. அம்மம்மாவுக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது அநியாயம். நன்கொடையாளரைத் தெரிந்தவர்கள் அவரை இல்லத்துக்குக் கூட்டிப்போவதைப் போல அம்மம்மாவின் வளவுக்கும் கூட்டிவர வேண்டும்: இரண்டு ஆடு, பத்துக் கோழி, அவல் இடிக்க ஒரு வழி, ஒரு அறைக்குக் கூரை.

தாய் வெளிநாடு போக நினைத்தால்

காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, வாகரை என்று எங்கும் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறை, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போவதைத் தடுத்தது. 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவில், அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. தடையால் நின்றவர்களும் உண்டு. விசிட் விசாவில் களவாகப் போய், துன்பம் வந்தபோது யாரிடமும் முறையிட முடியாமல் நின்றவர்களும் உண்டு. அந்த அறிக்கையைக் கதவாகப் பாவிப்பதைவிடப் பிள்ளைக்கான திட்டமாகப் பாவிப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏஜென்ட் முற்காசு கொடுப்பதற்கு முன் தாயோடு கதையுங்கள். காசு கைக்கு வந்தபின் அவர் உங்கள் பேச்சைக் கேட்க முடியாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளையைப் பார்க்கும் ஆளின் பெயர், சம்பளத்தில் எவ்வளவு அவருடைய கணக்குக்கு வரும், பிள்ளையோடு போனில் கதைக்கும் நாளும் நேரமும், ஆஸ்பத்திரியில் கையொப்பம் இடுபவர் யார், வகுப்பாசிரியர் யாரைக் கூப்பிடுவார் என்பவற்றை எழுதி, தாயும் பராமரிப்பவரும் நீங்களும் ஆளுக்கொரு பிரதி வையுங்கள். தாய் போன முதல் மூன்று மாதமும் மாதத்துக்கு இருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்கள் கூடினால் ஆசிரியர் உங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 16. வளர்ந்த பெண்பிள்ளை படிப்பை விட்டு வீட்டு வேலையில் இறங்குவதும், அவசரமாகக் கலியாணம் பேசுவதும் இந்த மாதங்களில்தான் நடக்கின்றன.

பிரித்தே ஆக வேண்டிய வீடு

அடி, பாலியல் துன்புறுத்தல், உயிருக்கு ஆபத்து உள்ள வீட்டில் இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், பொலிஸ் சிறுவர், பெண்கள் பிரிவுக்குச் சொல்லுங்கள், ஊர்ப் பெரியவர்களின் சமரசத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். அப்போதும் நீதவான் முன் நன்னடத்தை உத்தியோகத்தர் சொல்ல வேண்டியது முதலில் பாதுகாப்பான சொந்தக்காரர் வீடு, பிறகு வளர்ப்புக் குடும்பம், கடைசியில் இல்லம். அண்ணன் தங்கச்சியை வெவ்வேறு இடத்தில் வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே போய்விட்ட பிள்ளை

இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு வீடு முடிந்துபோகவில்லை. தாய் வராததை அக்கறையின்மை என்று எழுதும் முன் அவருக்குப் பஸ் காசு இருந்ததா என்று பாருங்கள். திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் பாடசாலை லீவுக்கும் பிள்ளை வீட்டுக்கு வரட்டும். சேர்க்கும்போது எழுதிய காரணம் இன்னும் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கொரு முறை கேளுங்கள். பின்னேர பஸ் ஓடத் தொடங்கியிருக்கலாம், கடன் முடிந்திருக்கலாம், தாய் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திருப்பி அனுப்பும்போது இல்லத்தில் பிள்ளைக்குச் செலவான தொகையில் ஒரு பகுதியை ஓராண்டுக்காவது வீட்டுக்குக் கொடுக்க முடியுமா என்று இல்லத்தாரோடு பேசிப் பாருங்கள். அவர்களில் பலர் பிள்ளையின் நன்மையையே விரும்புகிறார்கள்.

படிவம் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் கோவையின் முன்பக்கத்தில் மூன்று திகதிகளை எழுதுங்கள்: மாரி தொடங்குவதற்கு முன்னான ஒரு நாள், பாடசாலைத் தவணை தொடங்கும் கிழமை, கடன் தவணையின் கடைசி நாள். அந்த மூன்று நாட்களிலும் அந்த வீட்டுத் திண்ணையில் நீங்கள் இருக்க வேண்டும். உங்களுக்கு இடமாற்றம் வந்தால் அந்தத் திகதிகளையும் தாயின் தொலைபேசி இலக்கத்தையும் அடுத்து வருபவரின் கையில் கொடுத்து, ஒருமுறை அவரையும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டுப் புறப்படுங்கள்.